சாவி யாரிடம்?

குடக்கூலிக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் கேட்கிற கேள்விகளைச் சற்று நினைத்துப் பாருங்கள். வாடகை என்ன, முன்பணம் என்ன என்பது முதற் கேள்வி. சிறுவாணித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வரும் என்பது இரண்டாவது. கோயமுத்தூர்வாசிகளுக்கு இதுவே முதற் கேள்வியாக இருந்தாலும் இருக்கும். வீட்டுக்காரர் தம் பங்குக்கு, குடும்பத்தில் எத்தனை பேர், என்ன உத்தியோகம், விருந்தாளிகள் அடிக்கடி வருவார்களா என்று விசாரிப்பார். இவ்வளவும் பேசி முடித்து, நல்ல நாள் பார்த்து, பால் காய்ச்சிக் குடியேறிவிடுகிறோம். “நடு இராத்திரியில் இந்த வீட்டில் தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியே போவது?” என்று மட்டும் இரு கட்சியாரில் ஒருவரும் கேட்பதில்லை. பால் காய்ச்சுகிற வேளையில் நெருப்பைப் பற்றிப் பேசினால் அபசகுனமல்லவா?

நானும் அந்தக் கேள்வியைக் கேட்டவனல்லன். கேட்காததன் பலனை ஓர் இரவில் அனுபவித்தேன். அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே எழுத வேண்டும்.

அப்போது நான் சிங்காநல்லூர்ப் பக்கத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தேன். லைன் வீடு என்றால் நம் பக்கத்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வெளியூர் நேயர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரே காம்பவுண்டுக்குள் இரயில் பெட்டிகளைப் போல ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகள், முன்னால் நீளமான ஒரு நடை, பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டி, தெருவுக்குப் போக ஒரே ஓர் இரும்புக் கேட்டு. பஞ்சாலைகள் இரவும் பகலும் ஓடிய காலத்தில் தொழிலாளிகளுக்காகப் பெருகிய இந்த வீடுகள், ஆலைகள் பல மூடிய பின்னும் நிலைத்துவிட்டன. எங்கள் லைனில் எட்டுக் குடித்தனங்கள்.

தீபாவளிக்கு மறுநாள் இரவு. கடைசி வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். இரண்டு மணி சுமாருக்குக் காஸ் நாற்றம் நடை முழுவதும் பரவிற்று. எல்லோரும் எழுந்துவிட்டோம். ஓர் இளைஞர் வழக்கம்போல நடை விளக்கின் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார். “லைட்டைத் தொடாதீங்க கண்ணு!” என்று இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. அது நான்காம் வீட்டு அம்மாயி. எழுபத்தைந்து வயதைக் கடந்தவர். மூட்டு வலியால் நடக்கவே சிரமப்படுகிறவர். பள்ளிக்கூட வாத்தியாராகிய எனக்கு அந்தக் கணத்தில் நினைவுக்கு வராத பாடம் அவருக்கு வந்தது.

வெளியே ஓடலாமென்றால் கேட்டில் பூட்டுத் தொங்கிற்று. சில மாதங்களுக்கு முன் அங்கே நிறுத்தியிருந்த இரண்டு மோட்டார் சைக்கிள்கள் களவு போயிருந்தன. அதிலிருந்து அடுத்த தெருவில் இருந்த வீட்டுக்காரரே இரவு பதினொரு மணிக்கு வந்து பூட்டிவிட்டு, காலை ஐந்து மணிக்குத் திறப்பார். தெருப்பக்கத்துச் சுவரின் மூலைக்கு, வாசனை எட்டாத தூரத்துக்குப் போய் அவருக்குத் தொலைபேசினோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னோம். பிறகு ஏழடிச் சுவரின் மேல் பதித்திருந்த பாட்டில் சில்லுகளின்மீது ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு, குழந்தைகளை ஒருவர் பின் ஒருவராக அந்தப் பக்கம் இறக்கினோம். திருடன் உள்ளே வராதிருக்க நாம் பதித்த கண்ணாடி, நம் பிள்ளைகள் வெளியே போகாதபடி தடுத்தது.

அம்மாயியை எப்படி ஏற்றுவது? “என்னைய உட்டுப்போட்டுப் போங்க சாமி, புள்ளைகளைப் பாருங்க” என்று அவர் நடையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருடைய மகனும் நானும் அவர் பக்கத்தில் நின்றோம். வேறு என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. தீயணைப்பு வண்டி வந்து, பூட்டை வெட்டி, கடைசி வீட்டைத் திறந்து சிலிண்டரை மூடும் வரை அப்படியே நின்றோம். பழைய ரப்பர்க் குழாயில் வெடிப்பு. ரெகுலேட்டரை மூடாமலே ஊருக்குப் போய்விட்டார்கள். தெய்வாதீனமாக ஒருவருக்கும் ஒன்றும் நேரவில்லை.

விடிந்ததும் வீட்டுக்காரர் ஓடி வந்தார். எல்லோரும் அவர்மேல் பாய்ந்தோம். எல்லாரையும்விட உரக்கப் பேசியவன் நான். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: “பூட்டு வாங்குன அன்னிக்கே ஒரு சாவியை உங்ககிட்டத்தானுங்க வாத்தியாரே கொண்டாந்தேன். ராத்திரியில ஆளாளுக்கு வந்து எழுப்புவாங்க, நமக்கெதுக்கு வம்புன்னு நீங்கதானுங்களே வேண்டாம்னீங்க?” அது உண்மைதான். அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை.

அன்று முதல் இந்த விஷயத்தைப் பற்றி யோசித்து வருகிறேன். சொந்த வீட்டில் அபாயத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர் உண்டு. குடக்கூலி வீட்டிலோ, கட்டடம் ஒருவருடையது, உயிர்கள் வேறொருவருடையவை. “குடியிருக்கிறவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டாமா?” என்பார் வீட்டுக்காரர். “நம் வீடா, நாம் செலவு செய்ய?” என்பார் குடித்தனக்காரர். இருவருக்கும் நடுவே அபாயம் வாடகை கொடுக்காமல் குடியிருந்து வருகிறது.

இது என்ன விளைவைத் தரும் என்பதை நம் ஜில்லா ஒரு முறை கண்ணீரோடு கண்டது. 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி, பொழுது விடியுமுன், மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், விடாது பெய்த மழையில் ஊறிய காம்பவுண்டுச் சுவர் ஒன்று பக்கத்திலிருந்த ஓட்டு வீடுகளின்மேல் சாய்ந்தது. உறக்கத்திலிருந்த 17 பேர் மாண்டார்கள். குழந்தைகளும் அவர்களில் இருந்தார்கள். சுவரின் உயரம் சுமார் 20 அடி. அது அங்கே குடியிருந்தவர்களுடைய சுவரன்று. அடுத்த மனையின் சுவர். அந்தச் சுவரால் ஆபத்து உண்டென்று தாங்கள் முன்பே முறையிட்டதாக அங்குள்ள மக்கள் சொன்னார்கள். பயம் ஒரு பக்கத்தில், சுவரின் உரிமை மறுபக்கத்தில்! பயந்தவர்களுக்குச் சுவரைத் தொட அதிகாரமில்லை.

சுவர் திடீரென்று விழுவதில்லை. மண் தண்ணீரைக் குடித்துக் கனக்கிறது. ஒரு பக்கம் மண்ணை அணைத்து நிற்கும் சுவரில் நீர் வடியத் துளைகள் இல்லையென்றால் அந்தக் கனமெல்லாம் சுவரைத் தள்ளுகிறது. வெறும் மறைப்புக்காக எழுப்பிய சுவர் அதைத் தாங்குவதற்கென்று கட்டப்பட்டதன்று. விழுமுன் அது அடையாளம் காட்டும்: நடுவில் வயிறு தள்ளும், மூலைக்கு மூலை சாய்வாக வெடிப்பு ஓடும், அடியில் நீர் கசியும். ஐப்பசி மழைக்கு முன் ஒரு நாள், ஒரு நூலில் கல்லைக் கட்டித் தூக்குப் பிடித்துப் பார்த்தால் சுவர் சாய்ந்திருக்கிறதா என்பதைப் பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். சந்தேகம் இருக்கும் வரை அந்தச் சுவரோரத்தில் யாரும் படுக்கக்கூடாது.

மழையின் கதை இது. நெருப்பின் கதையையும் கேளுங்கள். 2024 செப்டம்பர் 12-ஆம் தேதி அதிகாலையில் மதுரை கட்ராபாளையத்தில் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து தீ கிளம்பிப் புகை சூழ்ந்ததில் இரண்டு பெண்கள் உயிரிழந்தார்கள். இதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 2017 ஜூன் 14-ஆம் தேதி, இலண்டன் மாநகரில் கிரென்ஃபெல் கோபுரம் என்னும் 24 மாடிக் குடியிருப்பில் நான்காம் மாடி வீடொன்றின் குளிர்சாதனப் பெட்டியில் பற்றிய தீ, வெளிச்சுவர்மீது ஒட்டியிருந்த பூச்சுப் பலகைகளின் வழியே உச்சி வரை ஏறி 72 உயிர்களைக் கொண்டு போயிற்று. அவ்வளவு பெரிய கட்டடத்துக்கும் படிக்கட்டு ஒன்றே. குடியிருந்தவர்களின் சங்கம் அபாயத்தைப் பற்றி முந்திய ஆண்டே எழுதி வெளியிட்டிருந்தது. நடூர் எங்கே, இலண்டன் எங்கே? ஆனால் இரண்டு இடத்திலும் சொன்னவர்கள் குடியிருந்தவர்கள். கேட்டுக்கொள்ள வேண்டியவர்கள் வேறு யாரோ.

நம் ஊரில் இப்போது லைன் வீடுகளுக்குப் பக்கத்தில் மூன்று மாடி, நான்கு மாடிக் கட்டடங்கள் எழும்பியிருக்கின்றன. பீளமேட்டிலும் சரவணம்பட்டியிலும் படிக்கிற பிள்ளைகளும் உத்தியோகம் பார்க்கிற இளைஞர்களும் அறைக்கு நால்வராக இருக்கிறார்கள். அங்கே படிக்கட்டைப் பாருங்கள்: ஒவ்வொரு திருப்பத்திலும் செருப்பு அலமாரி, பழைய மெத்தை, காலிச் சிலிண்டர். அடித்தளத்தில், படிக்கட்டின் வாயிலிலேயே, மின்சார மீட்டர்களும் மோட்டார் வண்டிகளும். தீயும் புகையும் மேல்நோக்கி ஏறும். கீழே மீட்டர்ப் பெட்டியில் பற்றினால் படிக்கட்டே புகைபோக்கியாகிவிடும். மேலே மொட்டை மாடிக்கு ஓடலாமென்றால் அந்தக் கதவிலும் பூட்டு. ஜன்னல்களில் திறக்க முடியாத கம்பி. கள்ளனுக்குப் பயந்து நாம் கட்டிய கோட்டைகள் இவை.

இன்னோர் அபாயத்தை நாம் அடியோடு மறந்திருக்கிறோம். 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் தேதி, விடியற்காலம் மூன்று மணி சுமாருக்கு, கோயமுத்தூர்ப் பிரதேசத்தை மையமாகக் கொண்டு ஒரு பூகம்பம் உண்டாயிற்று. அதன் அளவு ஏறக்குறைய 6 என்று பின்னர் கணித்திருக்கிறார்கள். தென்னிந்தியாவில் வெகு தூரத்துக்கு அதன் அதிர்ச்சி தெரிந்தது. 2002-ஆம் ஆண்டு வெளிவந்த இந்தியப் பூகம்ப வரைபடம் கோவையை மூன்றாம் மண்டலத்தில், அதாவது நடுத்தர அபாயமுள்ள இடத்தில், வைத்தது. 2001 ஜனவரி 26-ஆம் தேதி குஜராத்துப் பூகம்பத்தில் அகமதாபாத்தில் இடிந்த மாடிக் குடியிருப்புகளில் பல, வண்டி நிறுத்துவதற்காக அடித்தளத்தில் சுவரின்றித் தூண்களை மட்டும் நிறுத்திக் கட்டியவை. ஒற்றை மாடிக்குப் போட்ட அஸ்திவாரத்தின்மேல் வாடகைக்கு ஆசைப்பட்டு இன்னும் ஒரு மாடி எழுப்புகிறவர்கள், எழுப்புமுன் ஓர் என்ஜினீயரை அழைத்துக் காட்டினால், அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் செலவாகாது.

இவற்றிலெல்லாம் எது யாருடைய பொறுப்பு? சட்டம் ஓரளவு பதில் சொல்லியிருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2017-இல் தமிழ்நாட்டில் வீட்டுக்காரர், குடித்தனக்காரர் ஆகியோரின் உரிமைகளையும் கடமைகளையும் வரையறுக்கும் சட்டம் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் அமுலுக்கு வந்தது. வாடகைப் பேச்சு எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது அதன் முதல் விதி. பராமரிப்பு வேலைகளையும் ஓர் அட்டவணை பங்கிட்டிருக்கிறது. கட்டடத்தின் உறுதியைச் சேர்ந்த பழுதுகள், தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது, மின்சாரக் கம்பிகளைப் புதுப்பிப்பது ஆகியவை வீட்டுக்காரருக்கு. குழாயின் வாஷர், சுவிட்சு, பிளக்கு, கதவுப் பூட்டு, சாக்கடை அடைப்பு போன்றவை குடித்தனக்காரருக்கு. தண்ணீர், மின்சாரம், படிக்கட்டு விளக்கு முதலிய அத்தியாவசிய வசதிகளைக் கோபத்தில் நிறுத்திவிட வீட்டுக்காரருக்கு அதிகாரமில்லை.

ஆக, சுவிட்சில் தீப்பொறி பறந்தால் மாற்ற வேண்டியவர் நாம். சுவருக்குள் கம்பி கருகினால் மாற்ற வேண்டியவர் அவர். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே பாதிச் சண்டை தீரும். ஆனால் நடு இராத்திரியில் கேட்டைத் திறப்பது யார், அம்மாயியைத் தூக்குவது யார் என்பவற்றை நாமேதான் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு காகிதம் போதும். வாடகைப் பத்திரத்தோடு அதையும் எழுதி, வீட்டுக்காரரும் குடித்தனக்காரர்களும் கையெழுத்திட்டு, நடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவிட வேண்டும். அதில் இருக்க வேண்டியவை இவை:

முதலாவது, சாவிகள். கேட்டுக்கு, மொட்டை மாடிக்கு, மீட்டர் அறைக்கு என்று ஒவ்வொன்றுக்கும் சாவி உள்ளே குடியிருக்கும் இரண்டு குடித்தனங்களிடமாவது இருக்க வேண்டும். ஊருக்குப் போகிறவர்கள் ரெகுலேட்டரை மூடிவிட்டு, ஒரு சாவியை நம்பிக்கையான அண்டை வீட்டில் கொடுத்துப் போக வேண்டும்.

இரண்டாவது, நிறுத்தும் இடங்கள். பொது மின்சாரச் சுவிட்சு எங்கே, தண்ணீர் வால்வு எங்கே என்பதை எழுதிவைக்க வேண்டும். மின்கசிவு உண்டானால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர்க் கருவி ஒன்றை வீட்டுக்காரர் பொருத்தித் தருவாரானால் பல உயிர்களைக் காத்த புண்ணியம் அவருக்குச் சேரும்.

மூன்றாவது, மனிதர்கள். தாமாக நடக்க முடியாதவர்கள், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள் எந்த வீட்டில் இருக்கிறார்கள், ஒவ்வொருவரையும் வெளியே கொண்டு வருவது யார் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். “எல்லோரும் சேர்ந்து தூக்குவோம்” என்று எழுதினால் ஒருவரும் தூக்கமாட்டார்கள். வெளியே வந்தபின் எல்லோரும் கூடும் இடம் ஒன்றையும் குறிப்பிட வேண்டும். அங்கே தலைகளை எண்ணிப் பார்த்தால்தான் உள்ளே யார் மிஞ்சியிருக்கிறார் என்பது தெரியும்.

நான்காவது, காஸ் நாறினால் செய்ய வேண்டியது. சமையல் காஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளக் காத்திருக்கும். ஆகையால் விளக்கைப் போடவும் கூடாது, எரிகிற விளக்கை அணைக்கவும் கூடாது; இரண்டிலும் சுவிட்சில் பொறி உண்டாகும். சுவாமி விளக்கையும் ஊதுவத்தியையும் அணைத்து, ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியேறி, எட்ட நின்று தொலைபேச வேண்டும். காஸ் கசிவுக்கு 1906, தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108, எல்லா அவசரத்துக்கும் 112, மழை வெள்ளத்துக்கு ஜில்லாக் கட்டுப்பாட்டு அறை 1077. இந்த எண்களைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். அவசரத்தில் கண்ணாடியைத் தேட நேரமிராது.

ஐந்தாவது, அதற்குப் பிறகு. வீடு குடியிருக்கத் தகாததாகிவிட்டால் அன்றிரவு யார் எங்கே தங்குவது? வாடகை எந்த நாளோடு நிற்கும்? முன்பணம் எத்தனை நாளில் திரும்பும்? துன்பம் வந்த பின் இதைப் பேசினால் மனஸ்தாபம். வருமுன் பேசினால் கணக்கு. பள்ளிச் சான்றிதழ்கள், ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், தினசரி மருந்துகளின் சீட்டு ஆகியவற்றை ஒரே பையில் வாசலுக்கு அருகில் வைத்திருப்பது குடித்தனக்காரரின் வேலை.

காகிதம் எழுதி ஒட்டிவிட்டால் மட்டும் போதாது. வருஷத்துக்கு இரு முறை, கோடையில் ஒன்றும் ஐப்பசி மழைக்கு முன் ஒன்றுமாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் எல்லோரும் நடந்து பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை இப்படி நடத்திப் பார்த்திருக்கிறேன். முதல் முறை சிரிப்பார்கள். இரண்டாம் முறை போட்டி போடுவார்கள். மூன்றாம் முறை கால்களுக்கே வழி தெரிந்துவிடும். இருட்டில் நமக்கு உதவப்போவது அந்தக் கால்களின் ஞாபகம்தான்.

“இதையெல்லாம் கேட்டால் வீடு கொடுக்கமாட்டார்களே!” என்று சில நேயர்கள் அஞ்சலாம். அந்த அச்சம் நியாயமானதே; வீடு தேடி அலைந்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். குற்றம் சாட்டுகிற தோரணையில் கேட்டால் யாரும் முகம் சுளிப்பார்கள். “உங்கள் கட்டடமும் பிழைக்க வேண்டும், எங்கள் குழந்தைகளும் பிழைக்க வேண்டும், உட்கார்ந்து ஒரு காகிதம் எழுதுவோமா?” என்று கேட்டுப் பாருங்கள். வாடகையை மாத்திரம் எண்ணுகிற வீட்டுக்காரர்கூடத் தீயில் போன வீட்டுக்கு வாடகை வராது என்பதை அறிவார்.

எங்கள் லைனில் அந்தக் காகிதம் எழுதப்பட்டது. எழுதியவன் நான், சொன்னவற்றில் பாதி அம்மாயி சொன்னவை. கேட்டின் இரண்டாவது சாவியை வீட்டுக்காரர் மறுபடியும் என்னிடம் நீட்டினார். இம்முறை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டேன். மூன்றாவது சாவி நான்காம் வீட்டில் ஆணியில் தொங்கிற்று. நாங்கள் அந்த லைனை விட்டு வேறு வீட்டுக்குப் போகும் நாள் வரையில், இரவு படுக்கப் போகுமுன் அம்மாயியின் குரல் நடையில் கேட்கும்: “வாத்தியாரே, சாவி இருக்குதுங்களா?”

“இருக்குதுங்க அம்மாயி” என்று சொல்லிவிட்டுத்தான் படுப்பேன். நேயர்களே, உங்கள் காம்பவுண்டின் சாவி இன்றிரவு யாரிடம் இருக்கிறது?